பர்னர் பாய் வீட்டில்

பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார், சார். எதிர்வீட்டுச் சாவி அவரிடம்தான். வெள்ளிக்கிழமை மதியமாகப் பார்த்து வீடு பார்க்க வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். வெயிலில் நிற்காமல் உள்ளே வாங்க. கேட்டில் தொங்குகிற போர்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ‘பகலில் கதவைத் தட்டாதீர்கள். இரவு வேலை செய்பவர் உறங்குகிறார்.’ நான் எழுதியதுதான். உறங்குகிறவரும் நான்தான். உறங்கவில்லை என்பதைத்தான் நேரிலேயே பார்க்கிறீர்களே.

பால் பண்ணையில் வேலை, சார். பாக்கெட் போடுகிற பிரிவு. ஊர் தூங்கும்போது நான் விழித்திருந்தால்தான் ஊர் விழிக்கும்போது காபி. நன்றி சொல்ல ஒரு ஆள் வந்ததில்லை, அது வேறு விஷயம்.

நேர் எதிரில் நான் இருக்கும்போது, தெருக்கோடியில் இருக்கிற பாயிடம் வீட்டுக்காரன் ஏன் சாவியைக் கொடுத்திருக்கிறான் என்று நீங்கள் யோசிக்கலாம். நான் பகலில் தூங்குகிறவன், எழுப்பக்கூடாது என்கிற கரிசனம். வேறொன்றுமில்லை. சவரிக்கு என் மேல் அவ்வளவு அக்கறை.

சவரி என்றால் சவரிராஜ். அந்த எதிர்வீட்டுக்காரன். ரயில்வே கேரேஜில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பக்தவச்சலம். பாய் ஜக்கரியா, பஜாரில் தையல் கடை. ஒரே நாளில் மனை வாங்கி, ஒரே கொத்தனாரை வைத்து, ஒரே லாரியில் மணல் இறக்கி வீடு கட்டியவர்கள் நாங்கள் மூன்று பேரும். சிக்கனம் என்றால் எங்களுக்குப் பிறவியிலேயே வந்தது. சவரி பழைய செருப்பின் வாரை வெட்டிக் கதவுக்கு வாஷர் போடுவான். பாய் துணிக்கடைப் பையைப் பிரித்து அதிலேயே தலையணை உறை தைத்துவிடுவார். நான் பண்ணையில் கசிந்த பாக்கெட்டுகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். முழு பாக்கெட் வாங்கிப் பால் குடித்தால் எனக்கு ஜீரணமாகாது, சார்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் ஏற்பாட்டில் ஒரு பங்கு உண்டு. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறது, கேட்டால் உங்களுக்கே பிடித்துவிடும்.

இந்த நகர் பள்ளம். புரோக்கர் சொல்லியிருக்க மாட்டான். ‘காற்றோட்டமான இடம் சார்’ என்றிருப்பான். காற்று ஓடுகிற இடத்தில் தண்ணீரும் ஓடும். ஏரி மறுகால் போனால் முதலில் எட்டிப் பார்ப்பது எங்கள் தெருவைத்தான். முதல் வெள்ளத்தின்போது எங்களிடம் ஒன்றுமே இல்லை. பாதி காலியான சிலிண்டர் அடுக்களையிலிருந்து மிதந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போனதை மாடியில் நின்று பார்த்தேன். சொல்லிக்கொள்ளாமல் போகிற விருந்தாளி மாதிரி போனது.

தண்ணீர் வடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கொரு செட் வாங்குவது முட்டாள்தனம் இல்லையா? மூன்று ஸ்டவ், மூன்று டார்ச், மூன்று கயிறு. எப்போதோ வருகிற மழைக்கு! பொதுவில் ஒரு செட் போதும் என்று முடிவாயிற்று. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் ஒன்று. பெரிய டார்ச் ஒன்று. லாரி டயரின் டியூப் ஒன்று, ஆள் உட்கார்ந்து மிதக்க. ஒரு நீளமான நைலான் கயிறு.

யார் வீட்டில் வைப்பது? இங்கேதான் சார், மற்றவர்கள் கோட்டை விடுவார்கள். சவரி வீட்டில் ஸ்டவ் இருந்தால் அவன் மனைவி ஆரோக்கியம் கேஸ் தீர்ந்த அன்று அதைப் பற்றவைப்பாள். பாய் வீட்டில் டார்ச் இருந்தால் பேரன் எடுத்து விளையாடுவான். கயிறு என் வீட்டில் இருந்தால் சுலோச்சனா அதில் துணி காயப்போடுவாள். சுலோச்சனா என் மனைவி. அவசரத்துக்கு வைத்த பொருள் அவசரமில்லாதபோது தீர்ந்துபோகும். அதுதான் உலகம்.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ராத்திரி வேலைக்காரனுக்கு யோசிக்க நேரம் நிறைய. சொன்னேன்: பொருளைப் பிரித்து வைப்போம்.

ஸ்டவ் சவரி வீட்டில். அதன் பர்னரைக் கழற்றிப் பாய் வீட்டில். மண்ணெண்ணெய் என் வீட்டில். டார்ச் சவரியிடம், அதன் பேட்டரி செல் என்னிடம், பல்பு பாயிடம். டியூப் பாய் வீட்டில், அதற்குக் காற்றடிக்கிற பம்பு சவரியிடம், வால்வு என்னிடம். மூன்று பேரும் ஒன்றுகூடினால்தான் எதுவும் வேலை செய்யும். தனியாக ஒருத்தன் எதையும் தொட முடியாது. கயிறு? கயிற்றைச் சரிசமமாக மூன்றாக வெட்டி ஆளுக்கொன்று.

சிரிக்கிறீர்கள். பாயும் அன்று சிரித்தார். “நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடுமே பக்தா”ன்னார். “நம்பிக்கை கெடாம இருக்கத்தான் பாய் இது”ன்னு நான் சொன்னேன். சவரி, “கயிறை மட்டுமாவது முழுசா வைக்கலாமே”ன்னு இழுத்தான். “யார் வீட்ல?”ன்னு கேட்டேன். கத்தியை எடுத்து அவனே வெட்டினான்.

மோர் எடுத்துக்கோங்க சார். சுலோச்சனா, உப்பு போட்டியா?

“போட்டிருக்கேன். தம்பி, அவர் கதையை ஆரம்பிச்சா பாய் வந்து போனதுகூடத் தெரியாது. வாசலைப் பாத்துக்கிட்டே குடிங்க.”

அவள் அப்படித்தான் பேசுவாள். விடுங்க.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ஞாயிறு எனக்கு வார விடுமுறை. சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் கூடுவோம். சவரி ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வருவான், மாப்பிள்ளை வீட்டுச் சீர் மாதிரி. பாய் பர்னரைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார். நான் எண்ணெய் ஊற்றுவேன். பற்றவைத்துத் தேநீர் போடுவோம். பால் என்னுடையது, கசிந்தது. சுக்கு பாயுடையது. சவரி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே யாரையாவது கேலி பேசுவான், பெரும்பாலும் என்னை. “டேய் பக்தா, நீ செத்தா உன் உடம்பையும் மூணாப் பிரிச்சு வைக்கணுமாடா? வாய் யார் வீட்ல? என் வீட்டுக்கு வேண்டாம்பா!” பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். இருட்டுகிற வரை பேசுவோம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பகலில் தூங்குகிறவனுக்கு, சார், தெருவில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. இந்த ஞாயிறுகள் இல்லையென்றால் நான் இங்கே குடியிருந்ததற்கு வரி ரசீது மட்டும்தான் சாட்சி. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒத்திகையின் அவசியத்தைப் பற்றி. ஒத்திகையில் ஒருமுறைகூடத் தவறு வந்ததில்லை. ஒருமுறைகூட!

அப்புறம் நிஜ வெள்ளம் வந்தது. போன ஐப்பசியில்.

நான் காலையில் வேலை முடித்து முழங்கால் தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தேன். சாப்பிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால் பாய் நனைகிறது. படுக்கிற பாய், சார். மாடிக்கு ஏறி, மாடிப்படி அறையில் உட்கார்ந்தோம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது தெருவில் மார்பளவு வந்துவிட்டது. எதிரே சவரி வீட்டு மாடியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அவனும், ஆரோக்கியமும், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ரோஸ்லினும், அவள் பெற்ற குழந்தையும். பச்சைக் குழந்தை. தாய்ப்பால் பற்றவில்லை, டப்பாப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவை ஆரோக்கியம் மறக்காமல் மாடிக்குக் கொண்டுவந்திருந்தாள். கேஸ் அடுப்பு தண்ணீருக்கு அடியில்.

சவரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கத்தினான்: “டேய் பக்தா! எண்ணெயை எப்படியாவது அனுப்புடா! குழந்தைக்குத் தண்ணி கொதிக்க வைக்கணும்!”

“பர்னர் இருக்கா உன்கிட்ட?”

“பர்னர் பாய் வீட்ல!”

“அப்புறம் எண்ணெயை வச்சு என்ன பண்ணுவே? தலையில தேய்ச்சுக்குவியா?”

என் கேள்வியில் என்ன தப்பு சார்? பர்னர் இல்லாத ஸ்டவ்வுக்கு எண்ணெய் அனுப்பினால், எண்ணெய் ஒரு வீட்டில் ஸ்டவ்வோடு சேர்ந்துவிடும். ஏற்பாடு அதைத்தானே தடுக்கிறது? தவிர, எப்படி அனுப்புவது? என் கயிற்றுத் துண்டு பாதித் தெருவுக்குக்கூட எட்டாது. “பாயும் சம்மதிக்கட்டும், முறைப்படி செய்யலாம்”ன்னு கத்தினேன். மழை இரைச்சலில் அவன் காதில் விழுந்ததோ என்னவோ, என்னைத் திட்டியது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது.

குழந்தை அழுதது. அதுவும் கேட்டது. மழைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மட்டும் எப்படித்தான் தெருவைத் தாண்டி வந்ததோ. “பச்சத்தண்ணியிலே கலந்து கொடேன், பண்ணையில நாங்க பச்சைப் பாலையே குடிக்கிறோம்”ன்னு ஒரு யோசனைகூடச் சொன்னேன். ஒரு உதவியாகத்தான் சொன்னேன். ஆரோக்கியம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுலோச்சனா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், சற்றுத் தள்ளிப் போய் நின்றாள்.

தெருக்கோடி மாடியில் பாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் டியூப் இருந்தது, காற்று இல்லை. பம்பு சவரியிடம். சவரியிடம் போகத்தான் டியூப். ஏற்பாடு கட்டுக்கோப்பாக இருந்தது என்பதை நீங்கள் கவனிக்கணும். யாராலும் எதையும் தொட முடியவில்லை.

ரொம்ப நேரம் அப்படியே போயிற்று. மதியத்துக்கு மேல் திரும்பிப் பார்த்தால், பாய் தண்ணீரில் இறங்கிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல். பர்னரையும் தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிந்து கழுத்தில் தொங்கவிட்டு, கூடவே அவர் பங்குக் கயிறு, காம்பவுண்டுச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து வருகிறார். தோளில் ஆபரேஷன் செய்த மனிதர், சார். கையைத் தூக்கினாலே வலிக்கும். எங்கள் மாடிப்படி ஏறி வந்து நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“வாங்க பாய், நல்லவேளை”ன்னேன். “இப்ப ரெண்டு பேர் ஆயிட்டோம். சவரியும் எதிர்ல நிக்கிறான். மூணு பேரும் இருக்கோம். எவ்வளவு எண்ணெய் கொடுக்கறதுன்னு பேசிடலாம். மழை எத்தனை நாள் பெய்யுமோ, இன்னிக்கே தீர்த்துட்டா...”

“பக்தா. கேனைக் குடு.”

கவனிங்க சார். அத்தனை வருஷப் பழக்கத்தில் பாய் என்னை ‘வாங்க, போங்க’ என்று தவிர வேறு மாதிரி பேசியதில்லை. பக்தா என்றாலும் ‘சொல்லுங்க பக்தா’தான். அன்று ‘குடு’. எனக்குச் சுருக்கென்றது. வெள்ளத்தில் மரியாதையும் மிதந்து போய்விடுமா?

“குடுக்க மாட்டேன்னு சொல்லலையே பாய். முறைன்னு ஒண்ணு...”

அதற்குள் சுலோச்சனா மாடிப்படி அறையில் ஏற்றி வைத்திருந்த கேனை எடுத்துவிட்டாள். என் கண் முன்னாலேயே. எடுத்துப் பாய் கையில் கொடுத்து, “அண்ணே, இருங்க, அப்படியே போவாதீங்க, நடுவுல இழுக்குது”ன்னு சொல்லி, என் கயிற்றையும் அவர் கயிற்றையும் முடிச்சுப் போட்டாள். எட்டாது என்று தெரிந்ததும் உள்ளே போய்ப் பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கொண்டுவந்து, அதையும் சேர்த்து முடிந்தாள். ஒருதரம்கூடக் கட்டாத சேலை! பாய் இடுப்பில் ஒரு முனை. மறுமுனையைப் படிக்கட்டுக் கம்பியில் சுற்றி அவளே பிடித்துக்கொண்டாள்.

நடுத்தெருவில் பாய்க்குக் கால் நழுவியது. தலை உள்ளே போய், தொப்பி மட்டும் தனியாக மிதந்தது. கேன் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆள் ஒரு பக்கம். சவரி மாடிப்படியில் இறங்கி ஓடிவந்து தண்ணீரில் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. கயிறு விறைத்துக்கொண்டது. அப்போதுதான் இங்கே எல்லாரும் சேர்ந்து இழுத்துப் பிடித்தோம்.

“யாரு எல்லாரும்?”

உள்ளேயிருந்து சுலோச்சனா கேட்கிறாள், கேட்டீங்களா?

“தம்பி, நான் பிடிச்சேன். இவரு குடை பிடிச்சாரு.”

உனக்குத்தானே பிடித்தேன்! நனைந்தால் உனக்குச் சளி பிடிக்கும் என்று... சரி, விடு. சார் எதிரில் எதற்கு?

பாய் கரை சேர்ந்தார். சவரி அவரைக் கட்டிப் பிடித்துப் படிக்கட்டில் ஏற்றினான். கேனும் போய்ச் சேர்ந்தது. பர்னரை மாட்டினார்கள். தார்ப்பாய்க்குக் கீழே நீலமாக எரிந்தது, இங்கிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகை நின்றது. அப்புறம் தேநீர் போட்டார்கள் போலிருக்கிறது. சவரி, ஆரோக்கியம், பாய், எல்லார் கையிலும் டம்ளர். சுலோச்சனாவுக்குக் கையை ஆட்டினார்கள். நானும் கையை ஆட்டினேன். மழை பலமாக இருந்தது, அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது சொல்லுங்க. ஏற்பாடு வேலை செய்ததா இல்லையா? மூன்று பங்கும் ஒன்று சேர்ந்தது, அடுப்பு எரிந்தது. நான் திட்டம் போட்டபடியே! ஆனால் பெயர் யாருக்கு? பாய்க்கு. மறுநாள் படகில் வந்து எங்களையெல்லாம் கூட்டிப்போன மீனவப் பையன்கள்கூடப் பாயைத்தான் ‘தல’ன்னு கூப்பிட்டார்கள்.

தண்ணீர் வடிந்து சேற்றை அள்ளிக்கொண்டிருக்கும்போதே சவரி வீட்டைக் காலி பண்ண முடிவெடுத்துவிட்டான். கூடுவாஞ்சேரியில் மூன்றாவது மாடி. வெள்ளம் அங்கே போய் லிஃப்டுக்குக் காத்து நின்றால்தான் உண்டு. சாமான் ஏற்றுகிற அன்று நான் தூங்கவில்லை. ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன், சொல்லிக்கொள்ள வருவான் என்று. வந்தான். கேட் வரைக்கும் வந்தான். போர்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். ஸ்டவ், டார்ச், பம்பு எல்லாவற்றையும் சுவர் மேல் வரிசையாக வைத்தான். அவன் பங்குக் கயிற்றையும் சுருட்டி வைத்தான். தட்டவில்லை. எழுப்பக்கூடாது என்கிற கரிசனம், அதுதான் சொன்னேனே. போய்விட்டான்.

அடுத்த வாரம் பாய் ஒரு பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். பர்னர், பல்பு, டியூப். அவர் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார். கரண்ட் போனால் அவர் வீடு கல்யாண மண்டபம். பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா?’ என்கிறார். ‘சாப்பிட்டாச்சுங்களா?’ன்னு இல்லை, கவனிக்கணும்.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சுலோச்சனாவைக் கூப்பிட்டார்கள். போனில், அவள் நம்பருக்கு. பாயும் போனார், குடும்பத்தோடு. எனக்கு அன்று வேலை இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, இருந்தாலும். ஒரு கேக் துண்டை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆகவே சார், இன்றைய தேதிக்கு இந்தத் தெருவிலேயே முழுத் தயாரிப்போடு இருக்கிற ஒரே வீடு இதுதான். ஸ்டவ், பர்னர், எண்ணெய், டார்ச், செல், பல்பு, டியூப், பம்பு, வால்வு, மூன்று கயிறு. எல்லாம் என் ஒருத்தனிடம். ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல். வரட்டுமே வெள்ளம்!

இருந்தாலும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஸ்டவ் ஹாலில், பர்னர் சாமி அலமாரிக்கு மேலே, எண்ணெய் படிக்குக் கீழே. “யார்கிட்டேருந்து பிரிச்சு வைக்கிறீங்க?”ன்னு சுலோச்சனா கேட்கிறாள். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, அவளுக்குப் புரியாது. போன மாதம் முதல் ஞாயிறு மாடிக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் மாட்டிக்கூடப் பார்த்தேன். பற்றவைக்கவில்லை. ஒரு டம்ளர் தேநீருக்கு அவ்வளவு எண்ணெய் வீண். கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

அதோ, பாய் வண்டிச் சத்தம். மோரைக் குடிச்சிடுங்க. வீடு நல்ல வீடு சார், பயப்படாம எடுங்க. மாடி இருக்கு. மாடியில நின்னா எங்க மாடி தெரியும்.

ஒரு நிமிஷம். இந்த டார்ச்சைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அட, அட்வான்ஸ் கொடுத்த அப்புறம்தான்னு இல்லை, இப்பவே வச்சுக்கோங்க. செல் என்கிட்ட இருக்கட்டும். அதுதான் முறை.

போன்லயே டார்ச் இருக்கா? இருக்கட்டும் சார். மழை நாள்ல சார்ஜ் தீர்ந்துடும். அப்ப என்ன பண்ணுவீங்க? இங்கதான் வரணும். பகலா இருந்தாலும் வாங்க. அந்தப் போர்டெல்லாம் மத்தவங்களுக்கு. நீங்க தட்டுங்க. ஒருதரம் தட்டித் திறக்கலைன்னா போயிடாதீங்க சார், இன்னொருதரம் தட்டுங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.